கேட்காமல் வரும் விளம்பரம்: கணினி கேள்வி பதில்

இந்த மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே தொல்லையைச் சுற்றியே வருகின்றன. யாரும் கேட்காமல் திரையில் வந்து உட்காரும் விளம்பரம். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுவதும் ஆட்வேருக்கே, அதாவது விளம்பரத்தைத் திணிக்கும் புரோகிராம்களுக்கே, ஒதுக்கிவிட்டோம்.

செம்பனைத் தோட்ட ஆபீஸில் கிராணியாக வேலை செய்கிறேன். செக்ரோல் (சம்பளப் பட்டியல்) கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று சிவப்புப் பெட்டி ஒன்று எழும்புகிறது. மூடினால் இன்னொன்று. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபுல் ஸ்கேன் இரண்டு தரம் போட்டேன், ஒன்றும் இல்லை என்கிறது. யாரை நம்புவது?

விண்டோஸ் செக்யூரிட்டியை நம்புங்கள். அடுத்த முறை பெட்டி எழும்பும்போது பதறி மூடாமல், அதிலிருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். "கூகுள் குரோம்" அல்லது "மைக்ரோசாஃப்ட் எட்ஜ்" என்று பிரவுசரின் பெயரும், பக்கத்தில் நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு இணையத்தளத்தின் பெயரும் இருக்கும். அப்படி இருந்தால் கணினிக்குள் எந்தப் புரோகிராமும் நுழையவில்லை. ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிபிகேஷன் அனுப்ப அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். செய்தித்தாளும் வங்கியும் அறிவிப்பு அனுப்பப் பயன்படுத்துகிற அதே வசதியை இவர்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். கோப்பு எதுவும் இல்லாததால் ஸ்கேனில் எதுவும் சிக்காது.

அனுமதி எப்படிப் போயிருக்கும்? படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன ஒரு பக்கம், "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க 'அலவ்' அமுக்கவும்" என்று கேட்டிருக்கும். உண்மையான ரோபோ சோதனை கட்டத்தில் டிக் போடச் சொல்லும், படத்தில் பஸ்ஸையோ போக்குவரத்து விளக்கையோ தேடச் சொல்லும். பிரவுசரின் "அலவ்" பட்டனை ஒருநாளும் கேட்காது. ஆபீஸ் கணினியை மூன்று பேர் பயன்படுத்தினால் அந்த அலவ் யார் கை என்று தேடிப் பயனில்லை. நேரே பட்டியலைத் திறங்கள்.

குரோமில் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். அறியாத பெயர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளியை அமுக்கி "பிளாக்" கொடுங்கள். "ரிமூவ்" கொடுத்தால் பெயர் மட்டும் நீங்கும், அடுத்த முறை அந்தப் பக்கம் மறுபடி கேட்கும். பிளாக் கொடுத்தால் கேட்கவே முடியாது. அதே பக்கத்தில் எந்தத் தளமும் நோட்டிபிகேஷன் கேட்கக்கூடாது என்று வைக்கவும் வழியுண்டு. ஆபீஸ் கணினிக்கு அதுதான் சரி. எட்ஜில் செட்டிங்ஸைத் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் நோட்டிபிகேஷன்ஸ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதே பட்டியல் வரும்.

பிரவுசரை மூடிய பிறகும் பெட்டி வருகிறதா? குரோம் செட்டிங்ஸில் "சிஸ்டம்" பகுதிக்குப் போங்கள். குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓடவிடும் சுவிட்ச் ஒன்று அங்கே இருக்கும். அதை அணைத்துவிடுங்கள்.

விளம்பரம்தானே? டிவியிலும்தான் வருகிறது. எரிச்சல் தவிர வேறென்ன கெடுதல்?

டிவி விளம்பரம் உங்கள் வங்கிப் பக்கத்தை எட்டிப் பார்ப்பதில்லை. 2014 கடைசியில் லெனோவோ விற்ற சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற ஆட்வேர் கடையிலிருந்து வரும்போதே உள்ளே இருந்தது. வேலை என்னவோ சாதாரணம்தான். நீங்கள் பார்க்கும் பக்கத்தில் அதன் விளம்பரத்தைச் செருக வேண்டும். ஆனால் பூட்டுக் குறி போட்ட பக்கத்தில் வெளியார் யாரும் எதையும் செருக முடியாது. அதனால் சூப்பர்ஃபிஷ் தன் சொந்த ரூட் சர்டிபிகேட்டை, அதாவது எந்தத் தளத்தின் பூட்டை நம்பலாம் என்று கணினிக்குச் சொல்லும் மூலச் சான்றை, விண்டோஸுக்குள் நட்டு, உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. பூட்டுக் குறி அப்படியே தெரியும், ஆனால் பூட்டைப் போட்டது சூப்பர்ஃபிஷ்.

இதைவிட மோசம், எல்லாக் கணினியிலும் ஒரே சாவி. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளிவந்த கையோடு பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் அந்தச் சாவியின் பாஸ்வேர்டையும் கண்டுபிடித்துவிட்டார். அது அந்த மென்பொருளின் உட்பகுதியைச் செய்துகொடுத்த கம்பெனியின் பெயர்தான்: கொமோடியா. அதற்குப் பிறகு, ஒரே வைஃபையில் இருக்கும் எவனும் அந்த மடிக்கணினிக்கு முன்னால் போலி வங்கிப் பக்கத்தைப் பூட்டுக் குறியோடு காட்டலாம் என்ற நிலை. 2017-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு லெனோவோ உடன்பாட்டுக்கு வந்தது. விளம்பரம் காட்டத்தான் அந்த ஓட்டையைப் போட்டார்கள். ஆனால் ஓட்டை யாருக்கும் பொதுதானே.

அன்றாடத்தில் தெரிகிற கெடுதல் சிறியது. 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினி பிரவுசரைத் திறந்ததும் மூச்சுத் திணறும். போன் ஹாட்ஸ்பாட்டில் இணையம் பார்ப்பவருக்கு டேட்டா மாதம் முடியும் முன்பே தீரும். நீங்கள் எதைத் தேடினீர்கள், எந்தக் கடைப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதெல்லாம் முன்பின் தெரியாத ஒருவனிடம் போய்ச் சேரும்.

பட்டணத்தில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். கூகுளில் எதைத் தேடினாலும் வேறொரு பக்கத்துக்குப் போய், பிறகு யாஹூவில் விடை காட்டுகிறது. பிரவுசரில் ஒட்டியிருந்த துணைப் புரோகிராமை, அந்த எக்ஸ்டென்ஷனை, எடுத்தேன், மறுநாள் திரும்ப வந்துவிட்டது. குரோம் மெனுவில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று வேறு ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. என் கடையே ஒரு ஆள் கடை!

இது பிரவுசர் ஹைஜாக்கர், பிரவுசரைத் தன் பிடிக்குள் எடுத்துக்கொள்ளும் புரோகிராம். யாஹூவின் மேல் கோபப்பட வேண்டாம். உங்கள் தேடலை நடுவில் நிற்கும் ஒரு முகவரி வாங்கி, தன் கணக்கில் எழுதிக்கொண்டு, பிறகு யாஹூவிடம் தள்ளிவிடுகிறது. தேடலுக்கு இத்தனை காசு என்று அந்த இடைத்தரகனுக்குப் போகிறது.

எடுத்தது திரும்பி வருகிறதென்றால் கொண்டுவந்து போடுகிற வேறொன்று உள்ளே இருக்கிறது. அதனால் எடுக்கிற வரிசைதான் இங்கே முக்கியம்.

முதலில் குரோமில் சிங்க்கை, அதாவது உங்கள் கணக்கு வழியாக எல்லாக் கணினியிலும் குரோமை ஒரே மாதிரி வைக்கும் வசதியை, அணையுங்கள். கெட்ட எக்ஸ்டென்ஷன் உங்கள் கூகுள் கணக்கிலேயே பதிவாகியிருந்தால், இங்கே எடுத்ததை வீட்டுக் கணினியிலிருந்து அது திருப்பிக் கொண்டுவரும். கடையிலும் வீட்டிலும் சுத்தம் செய்து முடித்த பிறகே மீண்டும் போடுங்கள்.

அடுத்தது, விண்டோஸ் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். பட்டியலைப் போட்ட தேதிப்படி அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளில் என்னென்ன வந்தன என்று பாருங்கள். ஒரே நாளில் மூன்று நான்கு புரோகிராம்கள் வரிசையாக நின்றால் அவை கூட்டாளிகள். பிடிஎஃப் மாற்றி, டிரைவர் அப்டேட்டர், வானிலை, "பிசி கிளீனர்" என்ற பெயர்கள்தான் அடிக்கடி தட்டுப்படும். எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அப்போது "நிஜமாகவே போக வேண்டுமா?" என்று கெஞ்சுகிற பெட்டியில் பட்டன்களை இடம் மாற்றி வைத்திருப்பார்கள். படித்துவிட்டு அமுக்குங்கள்.

மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டெஸ்க்டாப்பில் குரோம் ஐகானை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டிஸ் திறந்து, "டார்கெட்" என்ற கட்டத்தில் கர்சரை வைத்து எண்ட் கீயை அமுக்குங்கள். வரி குரோம் டாட் எக்ஸ்இ என்பதோடும் ஒரு மேற்கோள் குறியோடும் முடிய வேண்டும். அதற்குப் பின்னால் இடைவெளி விட்டு ஓர் இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், செட்டிங்ஸில் எத்தனை முறை முகப்பை மாற்றினாலும் அந்தப் பக்கம்தான் திறக்கும். ஒட்டியதை மட்டும் அழித்து ஓகே கொடுங்கள். கீழே டாஸ்க்பாரில் உள்ள ஐகானுக்கும் இதையே செய்யுங்கள், அதற்கு ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ரைட் கிளிக் செய்ய வேண்டும்.

பிறகு அந்த "நிறுவனம்". கம்பெனிகள் தங்கள் ஊழியர்களின் பிரவுசரைக் கட்டுப்படுத்தக் குரோம் கொடுத்திருக்கும் வசதி இது. ஹைஜாக்கர் அதையே பயன்படுத்தித் தன் எக்ஸ்டென்ஷனை "கட்டாயம்" என்று பதிந்துவிடுகிறது. அப்படிப் பதிந்த எக்ஸ்டென்ஷனுக்கு ரிமூவ் பட்டன் வேலை செய்யாது. முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று ஆங்கிலத்தில் தட்டினால் அது போட்ட கட்டளைகள் தெரியும். அவை விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். சில சமயம் கரன்ட் யூசர் பகுதியிலும் அதே பாதையில் இருக்கும். அந்தக் குரோம் ஃபோல்டரை முதலில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் வைத்துக்கொண்டு, பிறகு அழியுங்கள். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கத் தயக்கமிருந்தால் இந்தப் படியை விட்டுவிட்டுக் கீழே சொல்லும் கருவியை ஓடவிடுங்கள். பெரும்பாலும் அது பார்த்துக்கொள்ளும்.

ஒரு விதிவிலக்கு. உங்கள் பிள்ளை அதே குரோமில் டெலிமா பள்ளிக் கணக்கில் நுழைந்திருந்தால் இந்த "நிர்வகிக்கப்படுகிறது" என்ற வரி நியாயமாகவே வரும். அது கல்வி அமைச்சு கொடுத்த கணக்கு. அதைப் பார்த்துப் பயந்து எதையும் அழிக்க வேண்டாம். பள்ளிக்குத் தனி புரொஃபைல், கடைக்குத் தனி புரொஃபைல் என்று பிரித்துவிடுங்கள், குழப்பம் தீரும்.

கடைசியாக ஆட்வ்கிளீனர். மால்வேர்பைட்ஸ் கம்பெனி 2016-இல் வாங்கிய இலவசக் கருவி இது. இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, இறக்கி அப்படியே ஓட்டலாம். மால்வேர்பைட்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடல் விடைகளில் மேலே "ஸ்பான்சர்ட்" என்று வருவதைத் தொட வேண்டாம், ஆட்வேர் நீக்கி என்ற பெயரிலேயே ஆட்வேர் உண்டு. ஸ்கேன் சில நிமிடத்தில் முடியும். சுத்தம் செய்யும்போது திறந்திருக்கும் புரோகிராம்களை எல்லாம் மூடிவிடும், எனவே வாடிக்கையாளரின் வேலையைச் சேவ் செய்துகொள்ளுங்கள். கணினி கம்பெனி முன்பே போட்டுத் தந்த புரோகிராம்களையும் அது தனிப் பட்டியலாகக் காட்டும். அவற்றை எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

இத்தனைக்கும் பிறகு குறிப்பிட்ட நேரத்தில் பிரவுசர் தானாகத் திறந்துகொண்டால், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டிவிடும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, ஒவ்வொரு வேலையின் "ஆக்ஷன்ஸ்" தாவலிலும் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். பிரவுசரின் பெயருக்குப் பின்னால் இணைய முகவரி இருந்தால் அந்த வேலையை அழிக்கலாம். புரியாததை எல்லாம் அழித்துவிடாதீர்கள், விண்டோஸின் சொந்த வேலைகளும் அங்கேதான் இருக்கின்றன.

வைரஸ் தடுப்பு காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிறேன். பிறகும் ஒரு இலவச வீடியோ கன்வெர்ட்டரோடு மூன்று வேண்டாத புரோகிராம் எப்படி வந்தது?

நீங்கள் சம்மதித்தீர்கள், அதனால் வந்தது. இலவசப் புரோகிராமை இறக்கிக் கொடுக்கும் தளம் தன் சொந்த இன்ஸ்டாலரில் அதைப் பொதிந்து தருகிறது. உள்ளே ஏற்றிவைக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும், எத்தனை கணினியில் போய்ச் சேர்ந்தது என்று கணக்கிட்டு அந்தத் தளத்துக்குப் பணம் வரும். இன்ஸ்டாலர் "எக்ஸ்பிரஸ், பரிந்துரைக்கப்படுவது" என்பதைப் பெரிதாகக் காட்டி, "கஸ்டம்" என்பதைச் சாம்பல் நிறத்தில் மங்க வைத்திருக்கும். எப்போதும் மங்கலாக இருப்பதையே தேர்ந்தெடுங்கள். அதற்குள் போனால் முன்கூட்டியே டிக் போட்ட கட்டங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு "டிக்ளைன்" கொடுத்தால் நீங்கள் கேட்டது மட்டும் வரும்.

வைரஸ் தடுப்பு ஏன் பேசாமல் இருந்தது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிபந்தனைகளைப் படித்து ஒப்புக்கொண்டுதான் போட்டார் என்று ஆட்வேர் கம்பெனிகள் வாதாடும். சாங்கோ என்ற ஆட்வேர் கம்பெனி, தன் மென்பொருளைத் தடுத்ததற்காக வைரஸ் தடுப்புக் கம்பெனியான காஸ்பர்ஸ்கியின் மேல் 2007-இல் வழக்கே போட்டது. 2009-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. "வைரஸ்" என்று சொல்லாமல் "வேண்டாததாக இருக்கக்கூடிய செயலி" என்று இன்றைக்கும் மரியாதையாக எழுதுவதில் இந்த வாதத்தின் வாடை அடிக்கிறது. விண்டோஸில் அதற்கென்றே தனிச் சுவிட்ச் உண்டு: விண்டோஸ் செக்யூரிட்டி, ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல், ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்ஷன். அங்கே "பொடென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்" என்பதன் கீழ் இரண்டு கட்டங்களிலும் டிக் இருக்க வேண்டும். இரண்டாவது, அதாவது இறக்கத்தைத் தடுப்பது, எட்ஜில் மட்டுமே வேலை செய்யும். காசு கொடுத்து வாங்கிய வைரஸ் தடுப்பிலும் இதே மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும், அது அணைந்திருக்கிறதா என்று அதன் செட்டிங்ஸில் பாருங்கள்.

ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி நான். திரை முழுக்க மைக்ரோசாஃப்ட் என்று போட்டு, சைரன் அலறி, ஒரு நம்பருக்குப் போன் செய்யச் சொன்னது. மூடவும் முடியவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். சரியா?

ஐயா, போன் செய்யாமல் இருந்தீர்களே, அதுவே போதும். மைக்ரோசாஃப்ட்டின் பிழைச் செய்தியில் போன் நம்பர் வரவே வராது. அடுத்த முறை பிளக்கைப் பிடுங்க வேண்டியதில்லை. அது முழுத்திரையாக்கிய ஒரு இணையப் பக்கம்தான். எஸ்கேப் கீயைச் சில வினாடி அமுக்கிப் பிடியுங்கள், மேலே மூடும் பட்டன் வெளியே வரும். வராவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்து "எண்ட் டாஸ்க்". திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களைத் திறக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சைரன் மறுபடி அலறும்.

வேறு யாராவது அந்த நம்பருக்குப் போன் செய்து, எதிர்முனையில் பேசியவன் சொன்ன ரிமோட் புரோகிராமை, தூரத்திலிருந்தே கணினியை இயக்க விடுவதை, போட்டிருந்தால் கதை வேறு. உடனே வைஃபையை அணைக்க வேண்டும். வேறொரு போனிலிருந்து வங்கிக்கும், தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் மடக்க வேண்டும் என்பதால் "சாயந்திரம் மகன் வரட்டும்" என்று காத்திருக்கக் கூடாது.

அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் எதையும் திறக்காமலே முழுத்திரை விளம்பரம் வருகிறது. எந்த ஆப் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விளம்பரம் வந்த அந்த நொடியிலேயே பிடிக்க வேண்டும். மூடாதீர்கள். சமீபத்திய ஆப்களைக் காட்டும் பட்டனை, சதுரமோ மூன்று கோடோ, அமுக்குங்கள். முன்னால் நிற்கும் அட்டையின் மேலுள்ள ஐகான்தான் குற்றவாளி. ஐகானை அமுக்கி "ஆப் இன்ஃபோ" போய் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஐகான் வெறுமையாகவோ பெயரே இல்லாமலோ இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஒளிந்துகொள்ளத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். டார்ச் லைட், கியூஆர் ஸ்கேனர், போன் கிளீனர், வால்பேப்பர் ஆப்களை முதலில் சோதியுங்கள். டார்ச்சும் ஸ்கேனரும் பெரும்பாலான போன்களில் முன்பே இருக்கின்றன.

சிக்கவில்லையென்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ், ஸ்பெஷல் ஆக்சஸ், "மற்ற ஆப்களின் மேல் தோன்றுதல்" என்ற பட்டியலைப் பாருங்கள். சாம்சங்கில் அதற்கு "அப்பியர் ஆன் டாப்" என்று பெயர். வாட்சாப் போன்ற தெரிந்தவை தவிர மற்றதை அணையுங்கள். அன்இன்ஸ்டால் பட்டன் மங்கிக் கிடந்தால் அந்த ஆப் "டிவைஸ் அட்மின்" உரிமை வாங்கியிருக்கிறது. செக்யூரிட்டி பகுதியில் அந்த உரிமையைப் பறித்துவிட்டு எடுங்கள். விளம்பரம் வேலை செய்யவே விடாமல் குறுக்கே விழுந்தால், பவர் ஆஃப் என்ற பட்டனை நீளமாக அமுக்கிச் சேஃப் மோடில் தொடங்குங்கள். அதில் நாம் போட்ட ஆப் எதுவும் ஓடாது, நிதானமாக எடுக்கலாம்.

அம்மாவுக்கு வாட்சாப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டில் ஆப் போடும் கோப்பு, வந்திருந்தால் அதை ஆட்வேர் என்று எண்ணிவிடாதீர்கள். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃபாக வரும், ஏபிகேயாக வராது. அது எஸ்எம்எஸ் படித்து வங்கிக் கணக்கைத் துடைக்க வந்தது. ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் போனின் இணையத்தை அணைத்துவிட்டு மேலே சொன்ன 997-க்குப் போங்கள்.

ஆட் பிளாக்கர் போட்டால் ஆட்வேர் போய்விடுமா?

போகாது. பக்கத்துக்குள் வரும் விளம்பரத்தை அது மறைக்கும், கணினிக்குள் இருக்கும் புரோகிராமைத் தொடாது. ஆனால் போலி "டவுன்லோட்" பட்டன்களையே கண்ணில் படாமல் செய்வதால் வரும் முன் காக்க நல்லது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் வடிவம். பழைய வடிவத்தைக் குரோம் இப்போது ஏற்பதில்லை. பெயரில் ஓரெழுத்து மாறிய போலிகள் உண்டு, எழுத்தைச் சரிபாருங்கள்.

கடையில் ஃபார்மட் போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

ஆட்வேருக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறக்கவே விடவில்லை, அல்லது கிராக் செய்த, அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த, புரோகிராம் போட்ட பிறகு தொடங்கியது என்றால் ஃபார்மட் நியாயம். கிராக்கோடு வருவது விளம்பரத்தோடு நிற்பதில்லை, பாஸ்வேர்டையும் அள்ளிக்கொண்டு போகும். அப்போது ஃபார்மட் முடிந்ததும் ஈமெயில், வங்கிப் பாஸ்வேர்டுகளைச் சுத்தமான வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

கடைக்குக் கொடுக்கும் முன் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், "டவுன்லோட்ஸ்" ஃபோல்டரில் கிடக்கும் பழைய இன்ஸ்டாலர்களை விட்டுவிடுங்கள். கடைக்காரர் இனாமாகப் போட்டுத் தருகிறேன் என்கிற கிராக் ஆஃபீஸ் வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்து குரோமில் உங்கள் கணக்கில் நுழைந்ததும், சிங்க்கைப் போடும்போது "எக்ஸ்டென்ஷன்ஸ்" என்ற சுவிட்சை மட்டும் அணைத்து வையுங்கள். புக்மார்க் எல்லாம் திரும்ப வரும், பழைய எக்ஸ்டென்ஷன் வராது.